பிரவுசர் கேஷ்ல ட்ரோஜன்: சம்பள அக்கவுண்ட்டுக்கு ஆபத்தா?

மிஷெலின் டயர் ஆலை இருக்கற தேர்வாய் கண்டிகை சிப்காட்ல வேலை பார்க்கறீங்க. ஷிஃப்ட் முடிச்சு ரூமுக்கு வந்து, வருமான வரி ரிட்டர்ன் போடலாம்னு லேப்டாப்பைத் திறந்தா, க்ரோமோட கேஷ் ஃபோல்டர்ல ட்ரோஜன்னு ஆன்டிவைரஸ் கத்துது. நெட் பேங்கிங்கும் இதே லேப்டாப்லதான். என்ன பண்றது?

நீங்க பார்க்கற பக்கத்தோட படம், ஸ்கிரிப்ட் எல்லாத்தையும் பிரவுசர் நகல் எடுத்து வெச்சுக்கும், அடுத்த தடவை சீக்கிரம் திறக்கறதுக்காக. அதுதான் கேஷ். மோசமான விளம்பரத்தோட ஸ்கிரிப்டும் சேர்ந்து வந்து உட்கார்ந்துடும். அங்க கிடக்கற ஃபைல் தானா எழுந்து ஓடாது. அதைத் திறந்து பார்க்கற ஆர்வம் மட்டும் வேண்டாம். குவாரன்டைன் கொடுத்து, கேஷை அழிச்சு, முழு ஸ்கேன் ஓட்டுங்க. ஆபீஸ் லேப்டாப்னா எதையும் அழிக்காம ஐடி டீமுக்குச் சொல்லுங்க, அவங்களுக்கு அது தடயம்.

என்னைக் கேட்டா, கேஷை விட டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத்தான் முதல்ல பார்க்கணும். 'ரீஃபண்ட்'னு வந்த லிங்க்ல ஏதாவது இறக்கி ஓட்டினீங்களா? தெரியாத எக்ஸ்டென்ஷன் இருக்கா? போலிப் பக்கத்துல பாஸ்வேர்டு அடிச்சீங்களா? ஒண்ணுக்கு ஆமான்னாலும், வேற சாதனத்துல இருந்து பாஸ்வேர்டை மாத்துங்க. அதே லேப்டாப்ல மாத்தினா புதுசும் போயிடலாம். குக்கீ திருடு போயிருந்தா பாஸ்வேர்டே இல்லாம உங்க மெயிலுக்குள்ள நுழையலாம், அதனால எல்லா டிவைஸ்லயும் லாக் அவுட் கொடுங்க.

பணமே போயிருந்தா? ரிசர்வ் வங்கியோட 2017 ஜூலை 6 சுற்றறிக்கை சொன்னது இதுதான். தப்பு உங்க மேலயும் இல்ல, வங்கி மேலயும் இல்லன்னா, வங்கித் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள்ள புகார் சொன்னா உங்க இழப்பு பூஜ்யம். 4-லிருந்து 7 நாள்னா, சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் உங்க தலையில. அதையும் தாண்டினா வங்கியோட பாலிசி சொல்றதுதான். தகவல் வந்த நாளைக் கணக்குல சேர்க்க மாட்டாங்க. உங்க ஹோம் பிராஞ்ச் வேலை நாள்தான் கணக்கு. (போனை லாக்கர்ல வெச்சுட்டு ஷிஃப்ட் போறவங்க, வெளிய வந்ததும் எஸ்எம்எஸ் பாருங்கப்பா.)

நீங்களே பாஸ்வேர்டு, ஓடிபி கொடுத்திருந்தா கதை வேற. வங்கிக்குச் சொல்ற வரைக்கும் போனது உங்க நஷ்டம். சொன்னதுக்கு அப்புறம் போறது வங்கியோட நஷ்டம். அதனால வெட்கப்பட்டுக்கிட்டு ராத்திரி முழுக்க உட்காராதீங்க. வங்கிக்குச் சொல்லி புகார் எண் வாங்குங்க, 1930-க்கும் கூப்பிடுங்க. பொறுப்பு யாரோடதுன்னு முடிவாகற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல, நீங்க சொன்ன 10 வேலை நாளுக்குள்ள வங்கி அந்தத் தொகையைக் கணக்குல தற்காலிகமா வரவு வைக்கணும். புகாரை முடிக்க அவங்களுக்கு 90 நாள்.