'சுல்தானாவின் கனவு' காட்டும் பெண்ணாடு: பால்நிலையும் அன்றாட உழைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

ரொக்கையா சகாவத் உசேன் படைத்த 'சுல்தானாவின் கனவு' என்னும் புனைகதையில் இருபாலாரின் அன்றாட வேலைகள் இடம்மாறி அமைகின்றன. அம்மாற்றம் வேலைப் பிரிவினையை நீக்குகின்றதா, ஆளை மட்டும் மாற்றுகின்றதா என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: பெண்ணாடு, மர்தானா, இல்லப்பணி, பால்நிலை, தலைகீழாக்கம்.

முன்னுரை

வங்காளத்துப் பெண்கல்வி முன்னோடியான ரொக்கையா (1880–1932) ஆங்கிலத்தில் எழுதிய இக்கதை, கமலா சத்தியநாதனை ஆசிரியராகக் கொண்டு சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் 1905ஆம் ஆண்டு அச்சேறியது. கனவில் பெண்ணாட்டை அடையும் சுல்தானாவுக்குச் சாரா என்பாள் வழிகாட்டுகிறாள். அங்கு ஆடவர் 'மர்தானா' என்னும் உள்ளிடத்தில் அடங்கி வாழ்கின்றனர். ஆட்சியும் அறிவியலும் பெண்டிர் கையில் உள்ளன.

அலுவலும் காலமும்

சுல்தானாவின் நாட்டில் அலுவலர் நாள்தோறும் ஏழு மணிநேரம் பணியாற்றுவர். சாராவோ தன் ஆய்வகப் பணியை இரண்டு மணிநேரத்தில் முடிக்கிறாள். ஒரு சுருட்டு எரிந்து தீர அரைமணி. நாளொன்றுக்குப் பன்னிரண்டு சுருட்டெனில் ஆறு மணிநேரம் புகையாகவே கழியும் என்பது அவள் கணக்கு. எள்ளலாக அமைந்த இக்கணக்கு, பணியிடத்தில் இருக்கும் நேரமெல்லாம் உழைப்பே எனக் கொள்ளும் வழக்கத்தை ஐயுறச் செய்கின்றது.

சமையலறை

பெண்ணாட்டுச் சமையலறை காய்கறித் தோட்டத்தினுள் அமைந்துள்ளது. அங்குக் கரியில்லை, புகையில்லை, புகைபோக்கியும் இல்லை. பெண்கள் பல்கலைக்கழகம் கண்டறிந்த கருவி திரட்டித் தரும் கதிரவன் வெப்பமே அடுப்பாகின்றது. வயலை உழுவது மின்னாற்றல். இவ்வாறு எளிதாக்கப்பட்ட சமையலும் குழந்தை வளர்ப்பும் ஆடவர் கடமைகளாகின்றன.

எனினும், சுல்தானா சமையலறையைக் காண வருமுன் அங்குள்ள ஆடவர் அகன்றுவிடுமாறு பணிக்கப்படுகின்றனர். வேலை நிகழும் இடம் அவள் கண்ணுக்குத் தெரிகின்றது. வேலை செய்வோர் தெரிவதில்லை. அயலார் வருகையில் உள்ளே மறையும் பெண்களின் நிலையே இங்கு ஆடவர்க்கு நேர்கின்றது. இதழைப் படித்த அக்காலப் பெண்களுக்கு இக்காட்சி புதிதாயிராது. மறைபவர் ஆண் என்பதே புதிது.

பூவேலை

வேலைகள் யாவும் கைமாறவில்லை. சாரா பூத்தையல் செய்தவாறே உரையாடுகிறாள். ஊசித்துளையில் நூல் கோக்கும் பொறுமைகூட ஆணுக்கு இல்லை என்கிறாள். பெண்களை வீட்டினுள் அடைத்தற்குக் கூறப்பட்ட 'இயல்பு' என்னும் காரணமே இங்கு ஆண்களை விலக்கவும் பயன்படுகின்றது. ஆண்மீது சாத்தும்போது நகைப்பைத் தரும் அக்காரணம், பெண்மீது சாத்தியபோது மட்டும் எங்ஙனம் பொருந்திற்று என்னும் வினாவைக் கதை எழுப்புகின்றது.

முடிவுரை

பெண்ணாட்டில் அறிவியல் வேலையின் பளுவைக் குறைக்கின்றது. வேலையைப் பிறப்பால் பகுக்கும் முறையோ நிலைத்து நிற்கின்றது. எனவே இக்கதை வருங்காலத்திற்கான திட்டமன்று. நிகழ்காலத்தைத் தலைகீழாகக் காட்டும் கண்ணாடி எனக் கொள்வதே பொருந்தும். ஆயினும், இல்லப்பணி செய்யும் கைகள் இருவேறு நாடுகளிலும் திரைக்குப் பின்னேயே இருக்கின்றன. அப்பணி எளிதாகின்றதேயன்றி மதிப்புப் பெறவில்லை என்பது இவ்வாய்வின் முடிபு.