பாகாலாவில் கூடப்போகும் தம்பிகளுக்கு

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் புதிதாகச் சபைப் பொறுப்பேற்ற சிலர் மாதம் ஒருமுறை கூடி, அவரவர் சபையின் நலத்தை ஒருவருக்கொருவர் கேட்டுப் பார்க்கப்போகிறோம் என்றீர்கள். தலைமையுரைக்கு என்னைக் கூப்பிட்டீர்கள். உரை வேண்டாம், எழுதித் தருகிறேன்.

1. ஐந்தாறு சபை போதும். தலைவர், செயலர், பொருளாளர் என்று தேர்தல் வைக்காதீர்கள். லெட்டர்பேட் அடித்த மறுநாள் பாதிப் பேர் பதவிக்காகத்தான் வருவார்கள். கூடுவதற்குப் பாகாலா நல்ல இடம். சித்தூர், திருப்பதி, மதனப்பள்ளி என்று மூன்று பக்கத்து ரயிலும் அங்கே சேர்கிறது.

2. ஒரே பெயர்ப்பலகைக்காரர்களாகச் சேராதீர்கள். நம் வட்டாரத்தின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். சித்தூர், மதனப்பள்ளிப் பக்கம், 1853-ல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷனின் வயல். நாயுடுபேட்டை, காளஹஸ்தி, திருப்பதிப் பக்கம், 1865-ல் வந்த ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷனுடையது. ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் இறங்குவதில்லை என்று அந்நாளைய மிஷன்களுக்குள் ஏற்பாடு இருந்தது. ஆற்காடு மிஷன் வழி வந்த சபைகள் 1908-ல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947 செப்டம்பர் 27-ல் சி.எஸ்.ஐ.யிலும் சேர்ந்தன. லுத்தரன்கள் சேரவில்லை, அவர்களுடைய தென் ஆந்திர லுத்தரன் திருச்சபைக்குத் திருப்பதிதான் தலைமையிடம். பிறகு பெந்தெகொஸ்தே சபைகளும் தனிச் சபைகளும் வந்தன. இப்போது ஒரே தெருவில் மூன்று சபை. எல்லை என்ற பேச்சே இல்லை. அதனால்தான் அடுத்ததைச் சொல்கிறேன்.

3. ஆடு திருடுவதைப் பற்றி முதல் கூட்டத்திலேயே பேசித் தீர்த்துவிடுங்கள். வேறு சபைக் குடும்பம் ஒன்று உங்களிடம் வந்தால், அந்த வாரமே பழைய போதகருக்குப் போன் போடுங்கள். சண்டையில் வந்தார்களா, கல்யாணச் சான்றிதழுக்காக வந்தார்களா, வீடு மாறி வந்தார்களா என்று தெரியும். இந்த ஒரு போன் இல்லாவிட்டால் மற்ற ஏற்பாடெல்லாம் வீண்.

4. வருகை எத்தனை, காணிக்கை எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளாதீர்கள். பெரிய சபைக்காரர் நிமிர்வார், சின்ன சபைக்காரர் அடுத்த மாதம் வரமாட்டார். கேட்க வேண்டியவை வேறு. ஆறு மாதமாகக் காணாமல் போனவர்கள் யார், அவர்கள் வீட்டுக்கு யார் போனார்கள்? கணக்கைப் போதகரைத் தவிர வேறு யார் பார்க்கிறார்கள்? கமிட்டியில் முப்பது வயதுக்குக் கீழே யாராவது உண்டா?

நம் பக்கத்துக்கென்றே இன்னொரு கேள்வியும் இருக்கிறது. தாத்தா தமிழ்க் கீர்த்தனையில் கண்கலங்குகிறார். பேரன் தெலுங்குப் பள்ளியில் படித்து, தமிழ் எழுத்தைக் கூட்டிக்கூட வாசிக்கத் தெரியாமல் நிற்கிறான். காலைத் தமிழ் ஆராதனையில் நரைத்த தலைகள் மட்டும் மிஞ்சுகின்றன என்றால், அது மொழிச் சண்டையா, நாம் பிள்ளைகளைக் கவனிக்காததா? எல்லாச் சபைக்கும் இருக்கிற வலி இது. ஒருவர் இரு மொழியிலும் பாடல் தாள் அச்சடித்திருப்பார், இன்னொருவர் ஓய்வுநாள் பள்ளியில் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுப்பார். ஒருவர் செய்து பார்த்தது மற்றவருக்கு உதவும். என்னைக் கேட்டால், இதற்கே இரண்டு மூன்று கூட்டம் ஒதுக்கலாம்.

5. வருஷத்துக்கு ஒரு ஞாயிறு, வேறொருவர் சபையின் கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள். பிரசங்கம் செய்யக் கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள். புதியவரிடம் யார் பேசினார்கள், ஆராதனை முடிந்ததும் ஜனம் நின்று பேசுகிறதா, செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுகிறதா, இதைப் பாருங்கள். பார்த்ததை அந்தப் போதகரிடம் மட்டும், தனியாகச் சொல்லுங்கள்.

6. வாட்ஸ்அப் குழு, நேரமும் இடமும் சொல்ல மட்டும். ஒருவர் தன் கடனையோ வீட்டுக் கஷ்டத்தையோ சொன்னால் அது அந்த அறையோடு நிற்கட்டும். "ஜெபிப்பதற்காகச் சொல்கிறேன்" என்ற முன்னுரையோடுதான் நம்மிடையே பாதி வம்பு பரவுகிறது.

7. சேர்ந்து செய்ய ஒரே ஒரு வேலையை எடுங்கள். மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரத்தைப் பாருங்கள். கோட்பாட்டில் ஒத்துப்போகாத பல மிஷன்கள் காசநோயாளிகளுக்காகப் பணத்தையும் ஆட்களையும் ஒன்றாகப் போட்டு, 1915-ல் அந்தச் சானடோரியத்தைத் திறந்தன. முதல் தலைமை மருத்துவர் ஃப்ரிமோட் மோலர், டென்மார்க்காரர். உங்களால் ஆஸ்பத்திரி கட்ட முடியாது; கட்டவும் வேண்டாம். சித்தூர்ச் சபையார் ஒருவர் திருப்பதியில் ஸ்விம்ஸிலோ ரூயாவிலோ படுத்திருந்தால் திருப்பதிப் போதகர் போய்ப் பார்க்கட்டும். திருப்பதிக்காரர் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தால், பக்கத்தில் இருக்கிற சித்தூர்க்காரர் போகட்டும். பஸ் செலவும் மிச்சம், நோயாளிக்கு ஒரு முகமும் கிடைக்கும்.

8. புரட்டாசிச் சனிக்கிழமையிலும் பிரம்மோற்சவ நாட்களிலும் கூட்டம் வைக்காதீர்கள், பஸ்ஸில் இடம் கிடைக்காது. திருமலைக்குப் போகிறவர்களிடம் துண்டுப்பிரதி நீட்டுகிற ஆர்வக்கோளாறு யாருக்காவது இருந்தால் நீங்களே தடுத்துவிடுங்கள். ஒருவர் செய்கிற அவசரத்துக்கு எல்லாச் சபையும் பதில் சொல்ல வேண்டிவரும்.

9. மார்ச் மாத முதல் வெள்ளியில் உலக ஜெப நாளுக்கு எல்லாச் சபைப் பெண்களும் ஒன்றாகக் கூடுகிறார்கள். யார் வீட்டில் யார் நோயாளி, எந்தப் பெண் எந்தச் சபைக்கு மாறினாள், ஏன் மாறினாள் என்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களில் இரண்டு பேரை உங்கள் கூட்டத்துக்கு அழையுங்கள். காபி போடுவதற்கு அல்ல. வட்டத்தில் உட்கார நாற்காலி போட்டு.