ஈப்போவிலிருந்து ஊர் திரும்பும் ஓய்வுக்காலம்

மலேசியாவின் பேராக் மாநில ரப்பர் தோட்டங்களில் பிறந்து, பின்னாளில் ஈப்போ, சுங்கை சிப்புட், பத்து காஜா பக்கம் வீடு வாங்கிக் குடியேறிய தமிழர்களில் ஒரு பகுதியினர் வேலை ஓய்வுக்குப் பிறகு தமிழ்நாட்டில் போய் வாழ விரும்புகிறார்கள். தாத்தா பிறந்த ஊர், குலதெய்வக் கோயில், ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் கூடுதல் ரூபாய் என்று காரணங்கள் பல. இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. தோட்டத்துக் காலத்தில் வாழ்க்கை சுதந்திரமாக இருந்தது, அந்தச் சுதந்திரம் இப்போது ஊரில்தான் மிச்சமிருக்கிறது என்பதே அது. சேமிப்பைக் கரைக்கும் முடிவுகள் பெரும்பாலும் இந்த நம்பிக்கையில்தான் எடுக்கப்படுகின்றன. ஆகவே அந்தக் காலத்தை முதலில் பார்க்க வேண்டும்.

தோட்டத்தை நினைப்பவர்களுக்குக் கண்முன் வருவது பூட்டாத லயத்து வீடு, ஆற்றுக் குளியல், மாரியம்மன் திருவிழா, திடலில் திரை கட்டிக் காட்டிய படம். இவை எல்லாம் உண்மை. ஆனால் அந்த வீடு நிர்வாகத்துடையது. வேலை இருக்கும்வரைதான் வீடு. ஓய்வு வயது வந்து, பிள்ளைகளில் ஒருவரும் தோட்டத்தில் வேலைக்கு இல்லையென்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். முப்பது நாற்பது ஆண்டு பால் வெட்டியவருக்கு ஒரு சதுர அடி மண்ணும் சொந்தமில்லை. விடியுமுன் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், நிற்க வேண்டும்; தோட்டத்து எழுத்தரான கிராணி பெயர் எழுதினால்தான் அன்றைய கூலி. மழை பெய்து மரம் நனைந்தால் அதுவும் இல்லை.

1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை, 12 ஆண்டுகள் நீடித்தது. பல தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்கள் ஒரே இடத்தில் சேர்க்கப்பட்டு முள்வேலி போடப்பட்டது. இரவில் ஊரடங்கு. அடையாள அட்டை வந்ததும் 1948இல்தான். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று உணவுக் கட்டுப்பாடு கொண்டுவரப்பட்டபோது, பால் வெட்டப் போகிறவர் வேலிக் கதவில் நின்று தூக்குச்சட்டியைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. சோறு இருந்தால் வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். வெயில் ஏறும்வரை வெறும் வயிற்றோடு மரம் மரமாகப் போனார்கள். ஐம்பதுகளைச் சுதந்திரமான காலம் என்று இன்று சொல்பவர், அன்று வேலிக்குள் விளையாடிய பிள்ளையாக இருந்திருப்பார். அந்தக் கதவைத் தாண்டி வேலைக்குப் போன தாயைக் கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும்.

ஒரு சுதந்திரம் மட்டும் மெய்யாகவே இருந்தது. போக்குவரத்துதான் அது. பினாங்கில் கப்பல் ஏறி நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ இறங்குவதும், சில மாதம் தங்கித் திரும்பி வருவதும் ஒரு காலத்தில் பெரிய காரியமாக இல்லை. 1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் அந்த வழியைக் குறுக்கியது. 1957இல் நாடு விடுதலை பெற்றபோது குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் தோட்டங்களில் ஏராளம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு யார் எடுத்துச் சொன்னார்கள்? குடியுரிமை இல்லாதவரின் சிவப்பு அட்டைக்கும் குடிமக்களின் நீல அட்டைக்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்கு 1969இல்தான் உறைத்தது. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றானது. அதன் விளைவாக நாடு திரும்பிய இந்தியத் தொழிலாளர்கள் சுமார் 60,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் பலர் மலாயாவில் பிறந்த பிள்ளைகளோடு, முன்பின் பார்க்காத கிராமங்களில் போய் இறங்கினார்கள்.

இதே பேராக்கில் நடந்த இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஐம்பதுகளில் ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களிடம் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டங்கள் வாங்கப்பட்டன. வேலை செய்கிற மண்ணில் தனக்கும் பங்குண்டு என்று ஒரு பால்வெட்டுத் தொழிலாளி சொல்ல முடிந்தது அப்போதுதான். லயத்துக் கதவு பூட்டாமல் கிடந்ததைவிட இதுவே பெரிய சுதந்திரம்.

தன் பெயரில் ஒரு பத்திரம், விரும்பினால் திரும்பி வரும் உரிமை. அன்று தோட்டத்தில் முதலாவது இல்லை, இரண்டாவது பறிபோனது. இன்று ஊர் திரும்புகிறவர் ஆசைப்பட்டு விட்டுக்கொடுப்பதும் இந்த இரண்டையும்தான்.

இவற்றில் அதிகம் இழப்புத் தருவது நிலம். ஓய்வு பெற்றவர் ஊழியர் சேமநிதிப் பணத்தை மொத்தமாக எடுக்கிறார். திருச்சி, நாமக்கல், தஞ்சாவூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் வயலோ தென்னந்தோப்போ வாங்க நினைக்கிறார். மலேசியக் குடிமகன் இந்தியாவில் விவசாய நிலத்தை விலை கொடுத்து வாங்க முடியாது. ஓசிஐ என்னும் வெளிநாட்டு இந்தியர் அட்டை வைத்திருந்தால் வீடு, மனை, கடை வாங்கலாம். அப்போதும் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். இதைத் தெரிந்துகொண்டதும் உறவினர்கள் சொல்லும் வழி ஒன்றே: “நம்ம அண்ணன் மகன் பேர்ல வாங்கிடலாம் மாமா, எல்லாம் உங்களுதுதானே.” சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திரம் அண்ணன் மகன் பெயருக்குப் பதிவாகிறது. பட்டாவும் அந்தப் பெயருக்கு மாறுகிறது. பணம் கொடுத்தவரின் பெயர் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்தாக மட்டுமே இருக்கிறது. சில பத்திரங்களில் அதுவும் இருக்காது.

இதற்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் பினாமி. 1988ஆம் ஆண்டின் பினாமித் தடைச் சட்டம் 2016இல் கடுமையாக்கப்பட்டது. சொத்தைப் பறிமுதல் செய்யலாம். ஓராண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. சொத்தின் சந்தை மதிப்பில் கால் பங்கு வரை அபராதம் விதிக்கலாம். தெரிந்த வருமானத்தில் மனைவி அல்லது பிள்ளை பெயரில் வாங்குவதற்கு விலக்கு உண்டு. அண்ணன் மகன் பெயருக்கு இல்லை. எல்லாவற்றையும்விடக் கொடியது, பணம் கொடுத்தவர் ‘இது என் நிலம்’ என்று நீதிமன்றத்தில் வழக்குப் போடவே முடியாது என்பது. உறவு நன்றாக இருக்கும்வரை இது ஒருவருக்கும் தெரிவதில்லை. அண்ணன் காலமாகி, மகனுக்குக் கல்யாணமாகி, புது மருமகள் பட்டாவைக் கேட்கிற நாளில் தெரியும். ‘சொந்தக்காரனை நம்பாமல் யாரை நம்புவது’ என்று கேட்பவர்கள் தங்கள் சேமிப்பை ஒருபோதும் இன்னொருவர் பெயரில் போட்டிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது தவறு குடியுரிமையைத் துறப்பது. மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. சேமநிதிப் பணத்தை முன்கூட்டியே எடுக்க, நாட்டை விட்டுப் போவதாகக் குடியுரிமையைக் கைவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 55 வயதானால் குடியுரிமையை விடாமலே பணத்தை எடுக்கலாம். எடுக்காமல் விட்டாலும் 100 வயது வரை அதற்கு லாப ஈவு உண்டு. அரசுப் புறநோயாளர் பிரிவில் ஒரு ரிங்கிட்டுக்கு வைத்தியம் பார்க்கும் உரிமை நீல அட்டையோடு வருவது. தமிழ்நாட்டில் ரேஷன் அட்டை இல்லாதவருக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கிடையாது. நெஞ்சுவலி வந்தால் தனியார் மருத்துவமனைக் கட்டணம் முழுவதும் சொந்தக் கையிலிருந்துதான்.

மற்றவை வழக்கமான காரியங்கள். 2005இல் தொடங்கிய ஓசிஐ அட்டை வாழ்நாள் விசாவுக்குச் சமம். அது குடியுரிமை அல்ல, ஆகவே மலேசியக் குடியுரிமைக்கு இடைஞ்சல் இல்லை. கொள்ளுத்தாத்தா வழியிலும் இப்போது விண்ணப்பிக்கலாம். சிரமம் ஆவணத்தில்தான். முனியாண்டி என்ற பெயர் பழைய பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும், பிறப்புச் சான்றிதழில் கிராணி எழுதிக்கொடுத்தபடி வேறு விதமாகவும் இருக்கும். இரண்டும் ஒரே ஆள் என்று நிறுவச் சத்தியப் பிரமாணம் முதல் ஊர்ப் பள்ளிப் பதிவேடு வரை தேட வேண்டியிருக்கும். ஆண்டில் 182 நாள் இந்தியாவில் தங்கினால் வருமான வரிக் கணக்கு மாறும். ஓர் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்வது போதும். இரு நாட்டுச் சொத்துக்கும் தனித்தனி உயில் வேண்டும். ஈப்போ வீட்டை விற்கக் கூடாது, வாடகைக்கு விடலாம். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நாலு மணி நேரத்துக்குள் விமானத்தில் போய்விடலாம் என்கிறபோது, ஆறு மாதம் அங்கே ஆறு மாதம் இங்கே என்று இருப்பதே இந்தத் தலைமுறைக்கு ஏற்ற வழி. அதைக் கோழைத்தனம் என்று பேசுபவர்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை.

தாத்தாவின் பாஸ்போர்ட்டும் கப்பல் சீட்டும் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறதா என்று இந்த வாரமே தேடிப் பாருங்கள். ஓசிஐ அட்டை கைக்கு வந்து, உங்கள் பெயரில் பதியக்கூடிய சொத்து எது என்று ஒரு வழக்கறிஞர் எழுத்தில் சொல்லும்வரை, ஊரில் யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.