மீதி இருபது பாடம் யார் கையில்?

அமெரிக்காவில் லிபரல் ஆர்ட்ஸ் காலேஜுக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் முதலில் பார்ப்பது தரவரிசை, அடுத்து உதவித்தொகை, அப்புறம் அந்த ஊர்க் குளிர். மூன்றும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் நான்கு வருடம் வகுப்பறையில் என்ன படிப்போம் என்பதைத் தீர்மானிப்பது வேறொன்று. பட்டம் வாங்க எந்தெந்தப் பாடங்களைக் கட்டாயம் முடிக்க வேண்டும் என்று கல்லூரி வைத்திருக்கும் விதிதான் அது. மாணவர்கள் பேச்சில் அதன் பெயர் 'ஜென் எட்', அதாவது பொதுக்கல்வி. கல்லூரிக்குக் கல்லூரி இந்த விதி தலைகீழாக மாறும். அதைப் படிக்காமலே சேருகிறவர்கள்தான் அதிகம்.

முதலில் கணக்கு. ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ், ஸ்வார்த்மோர் மாதிரியான கல்லூரிகளில் செமஸ்டருக்கு நான்கு பாடம், எட்டு செமஸ்டர், ஆக மொத்தம் 32. மேஜர் என்ற முதன்மைப் பாடத்துக்குப் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு போதும். மீதி இருபது பாடத்தை யார் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் கல்லூரிகள் பிரிகின்றன. நம் ஊரில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்றில் முதன்மைப் பாடமும் அல்லைடும் என்று அட்மிஷன் அன்றே எல்லாம் முடிவாகிவிடும். சொல்லப்போனால் பதினோராம் வகுப்பில் குரூப் எடுத்த அன்றைக்கே பாதி முடிவாகிவிடுகிறது. அங்கே மேஜரையே இரண்டாம் வருடக் கடைசியில் சொன்னால் போதும்.

எல்லாக் கல்லூரிகளையும் ஒரு கோட்டில் நிறுத்தலாம். ஒரு முனையில் எல்லாமே கட்டாயம். மறு முனையில் ஏறக்குறைய எதுவுமே கட்டாயமில்லை.

எல்லாமே கட்டாயம் என்ற முனையில் நிற்பது செயின்ட் ஜான்ஸ் காலேஜ். மேரிலாந்தின் அனபோலிஸிலும் நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபேயிலும் இதற்கு வளாகங்கள் உண்டு. 1937-இல் ஸ்ட்ரிங்ஃபெல்லோ பார், ஸ்காட் புக்கானன் என்ற இருவர் தொடங்கிய பாடத்திட்டம்தான் அடிப்படையில் இன்றும் நடக்கிறது. மேஜரே கிடையாது. எல்லோரும் ஒரே பாடம் படிக்கிறார்கள். முதல் வருடம் ஹோமர், பிளேட்டோ, யூக்ளிட். இரண்டு வருடம் பழங்கிரேக்கம், இரண்டு வருடம் பிரெஞ்சு, நான்கு வருடமும் கணிதம், மூன்று வருடம் அறிவியல் ஆய்வகம். சொற்பொழிவு கேட்டுக் குறிப்பெடுப்பது அரிது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, படித்ததைப் பற்றிப் பேச வேண்டும். ஆசிரியரைக்கூடப் பேராசிரியர் என்பதில்லை, டியூட்டர் என்றுதான் அழைக்கிறார்கள்.

கேட்கும்போது ஆசையாக இருக்கும். இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். படிப்பவற்றில் பெரும்பகுதி மேற்கத்திய நூல்கள். கம்பனும் காளிதாசனும் வருவார்கள் என்று எதிர்பார்த்துப் போகக் கூடாது. இரண்டாவது, விசா. எஃப்-1 விசாவில் படித்து முடித்தவர்கள் ஓபிடி என்ற அனுமதியில் 12 மாதம் அங்கேயே வேலை பார்க்கலாம். அறிவியல், கணிதம், பொறியியல் போன்ற ஸ்டெம் பட்டமாக இருந்தால் இன்னும் 24 மாதம் நீட்டிப்புக் கேட்கலாம். மேஜரே இல்லாத லிபரல் ஆர்ட்ஸ் பட்டம் அந்தப் பட்டியலில் வராது. கடன் வாங்கிப் படிப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல. விசா விதிகள் மாறக்கூடியவை என்பதால் விண்ணப்பிக்கும் ஆண்டின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நல்ல செய்தியும் உண்டு. பெரும்பாலான கல்லூரிகள் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போன காலத்தில், 2018-இல் செயின்ட் ஜான்ஸ் தன் வருடக் கல்விக் கட்டணத்தைச் சுமார் 52,000 டாலரிலிருந்து 35,000 டாலராகக் குறைப்பதாக அறிவித்தது.

இந்த அளவுக்குப் போகாமல், ஒரு பகுதியை மட்டும் எல்லோருக்கும் பொதுவாக வைத்த இடங்களும் உண்டு. கொலம்பியா காலேஜ் ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்குள் இருப்பது. ஆனாலும் 'கோர்' என்று சொன்னாலே எல்லோரும் முதலில் காட்டுவது அதைத்தான். முதல் உலகப்போர் முடிந்த கையோடு, 1919-இல் அங்கே சமகால நாகரிகம் என்ற பாடம் தொடங்கியது. இலக்கியத்துக்கான பொதுப்பாடம் 1937-இல் வந்தது. இயற்பியல் படிப்பவரும் வரலாறு படிப்பவரும் ஒரே வாரத்தில் ஒரே புத்தகத்தோடு மல்லுக்கட்டுவதால், சாப்பாட்டு மேசையிலும் அந்தப் பேச்சு தொடரும். கோர் முறையின் உண்மையான லாபம் இந்தப் பொதுப்பேச்சுதான் என்பது என் எண்ணம். அங்கே நீச்சல் தேர்வும் நெடுங்காலமாகக் கட்டாயம். கிணற்றடியில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கவலையில்லை.

பொறியியல் மனசுள்ளவர்கள் கலிபோர்னியாவின் ஹார்வி மட் காலேஜைப் பார்க்கலாம். 1955-இல் தொடங்கிய கல்லூரி. அங்கே கோர் என்றால் எந்த மேஜரானாலும் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல், கணினி அறிவியல் எல்லாம் வரும். அதோடு இலக்கியம், சமூக அறிவியல், கலைப் பாடங்களையும் கணிசமாகப் படிக்க வேண்டும். ஸ்வார்த்மோரிலும் ஸ்மித்திலும் பொறியியல் உண்டு. பெரும்பாலான லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் கிடையாது.

நடுவில் நிற்பது பகிர்வு முறை. பாடங்களை மூன்று நான்கு துறைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இத்தனை எடு என்பது விதி. எந்தப் பாடம் என்பது மாணவர் இஷ்டம். பெரும்பாலான கல்லூரிகள் இதைத்தான் பின்பற்றுகின்றன. இதற்குப் பின்னால் ஒரு பழைய சண்டை இருக்கிறது. 1869-இல் ஹார்வர்டின் தலைவரான சார்லஸ் எலியட், கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, மாணவரே தேர்ந்தெடுக்கட்டும் என்றார். பலர் அடிப்படைப் பாடங்களையே சுற்றிச் சுற்றி எடுத்துப் பட்டம் வாங்கிப் போனார்கள் என்ற புகார் வளர்ந்தது. 1909-இல் பதவிக்கு வந்த லாரன்ஸ் லோவெல், ஒரு துறையில் ஆழம், மற்றவற்றில் பரப்பு என்று இரண்டையும் கட்டாயமாக்கினார். இன்று மேஜர் ஒரு பக்கம், பொதுப்பாடம் ஒரு பக்கம் என்று கல்லூரிகள் போடும் திட்டத்தின் வேர் அங்கே இருக்கிறது.

வில்லியம்ஸில் மொழியும் கலையும், சமூக அறிவியல், அறிவியலும் கணிதமும் என்று மூன்று பிரிவு. ஒவ்வொன்றிலும் மூன்று பாடம் எடுக்க வேண்டும். கூடவே எழுத்துப் பயிற்சிக்கு இரண்டு, கணக்கு அல்லது தர்க்கச் சிந்தனைக்கு ஒன்று, சமூக வேறுபாடு, அதிகாரம் பற்றி ஒன்று. கூட்டினால் பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் ஒரே பாடம் பிரிவுக் கணக்கிலும் எழுத்துக் கணக்கிலும் சேரலாம், மேஜர் பாடமும் தன் பிரிவில் சேரும். உட்கார்ந்து கணக்குப் போட்டால் கூடுதல் சுமை கொஞ்சம்தான். ஸ்வார்த்மோரிலும் மூன்று பிரிவு, பிரிவுக்கு மூன்று பாடம், அதோடு எழுத்துப் பாடங்களும் ஆய்வகத்தோடு கூடிய ஓர் அறிவியல் பாடமும் உண்டு. அங்கே முதல் செமஸ்டருக்குக் கிரேடு போடுவதில்லை, தேர்ச்சியா இல்லையா என்பது மட்டும்தான். நூற்றுக்கு நூறு வாங்கியே பழகிவிட்டு, முதல் ஆங்கிலக் கட்டுரையில் 'பி' வாங்கி இடிந்துபோகும் நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய கருணை இல்லை.

பகிர்வு முறையின் குறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அறிவியலுக்குப் பயந்தவர் இருப்பதிலேயே லேசான அறிவியல் பாடத்தைத் தேடிப் பிடித்து, பட்டியலில் டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார். சீனியர்களிடம் அந்த லேசான பாடங்களின் பட்டியல் எப்போதும் இருக்கும். விதி வாசல்வரை கொண்டுவந்து விடும், உள்ளே போவது மாணவர் பாடு.

மறு முனையில் திறந்த பாடத்திட்டம். ஆம்ஹர்ஸ்டில் முதல் வருடக் கருத்தரங்கு ஒன்று, அப்புறம் மேஜர், அவ்வளவுதான். அயோவாவின் கிரினெல்லிலும் அப்படியே, முதல் செமஸ்டர் டுடோரியல் ஒன்றுதான் கட்டாயம். நியூயார்க் மாநிலத்தின் ஹாமில்டனும் இதே வழிதான், எழுத்துக்கும் கணக்குக்கும் மட்டும் நிபந்தனை உண்டு. பல்கலைக்கழகங்களில் பிரவுன் புகழ்பெற்றது. ஐரா மேகசினர் உள்ளிட்ட மாணவர்கள் எழுதிய அறிக்கையிலிருந்து பிறந்த அந்தத் திட்டம் 1969-இல் நடைமுறைக்கு வந்தது.

இரண்டு கல்லூரிகள் இதில் சாமர்த்தியமாக நடந்துகொள்கின்றன. பெண்கள் கல்லூரியான ஸ்மித்தில் முதல் வருடத்தில் ஓர் எழுத்துப் பாடம் தவிரப் பொதுப்பாடக் கட்டாயம் இல்லை. ஆனால் பட்டத்தோடு லத்தீன் பெயரில் வழங்கும் சிறப்புத் தகுதி வேண்டுமானால் ஏழு அறிவுத் துறைகளிலும் பாடம் எடுத்திருக்க வேண்டும். கனெக்டிகட்டின் வெஸ்லியன், பொதுப்பாடத்தை எதிர்பார்ப்பு என்று மட்டும் சொல்கிறது. அதை நிறைவேற்றாதவர்களுக்குச் சில சிறப்புகள் கிடைக்காது.

வெஸ்லியனை நாம் வேறு காரணத்துக்காகவும் தெரிந்துகொள்ள வேண்டும். அறுபதுகளில் மிருதங்க வித்வான் டி. ரங்கநாதன் அங்கே கற்றுக்கொடுத்தார். பின்னர் அவருடைய தம்பி, புல்லாங்குழல் வித்வான் டி. விஸ்வநாதன் 2002-இல் மறையும்வரை அங்கே ஆசிரியராக இருந்தார். இவர்களின் அக்கா பாலசரஸ்வதியும் அங்கே நாட்டியம் கற்பித்திருக்கிறார். நம் சபாக்கள் ஹிக்கின்ஸ் பாகவதர் என்று கொண்டாடிய ஜான் ஹிக்கின்ஸ் வெஸ்லியனில் படித்தவர். கனெக்டிகட்டில் பொருளாதாரமோ வேதியியலோ படிக்க வந்த பிள்ளை, கலைப்பிரிவில் ஒரு பாடம் வேண்டுமே என்று போய் 'தகதிமி' சொல்ல உட்காரும் வாய்ப்பு இப்படித்தான் உண்டாயிற்று. பொதுப்பாடம் என்றாலே ஷேக்ஸ்பியர் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

எது யாருக்கு? திறந்த முறைதான் உயர்ந்தது, மற்றவை பழைய காலத்து ஏற்பாடு என்று வெப்சைட்டுகளும் ஆலோசகர்களும் ஒரு தோற்றத்தை உண்டாக்கிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கல்லூரி கட்டாயப்படுத்தாத இருபது பாடத்தையும் பிள்ளை தன் விருப்பப்படி எடுக்கும் என்பது காகிதத்தில் சரி. நம் குடும்பங்களில் நடப்பது வேறு. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அப்பா, சித்தப்பா, டெக்சாஸில் இருக்கும் அத்தை மகன் மூவரும் சேர்ந்து பாடப் பட்டியலைப் பார்ப்பார்கள். "மானுடவியல் எதுக்கு? அதுக்குப் பதில் இன்னொரு மெஷின் லேர்னிங் போடு" என்று தீர்ப்பு வரும். கல்லூரி விட்டுக்கொடுத்த அதிகாரம், வீட்டில் யார் குரல் ஓங்கி ஒலிக்கிறதோ அவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். கட்டாயம் என்ற விதி இருந்தால் பிள்ளைக்கு ஒரு பதில் கையில் இருக்கிறது. "நான் கேட்டு எடுக்கலப்பா, காலேஜ் ரூல்." அந்த ஒரு வாக்கியத்தின் நிழலில் எத்தனையோ பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்ததைக் கண்டுபிடிக்கலாம்.

அதனால் என் தீர்ப்பு இது. என்ன படிப்பதென்று இன்னும் தெரியாதவர், பள்ளியில் ஒரே குரூப்பை மட்டும் பார்த்தவர், வீட்டில் சொல்லிப் புரியவைக்க முடியாதவர், இவர்களுக்குப் பகிர்வு முறை. புத்தகத்தைக் கீழே வைக்க முடியாதவர், பேசத் தயங்காதவர் கோர் உள்ள இடங்களுக்குப் போகலாம். செயின்ட் ஜான்ஸுக்குப் போவதென்றால் வேலைக் கணக்கை முன்கூட்டியே போட்டுக்கொண்டு போகட்டும். திறந்த முறை, ஏற்கெனவே இரண்டு வேறு துறைகளில் ஆழமான ஆசை உள்ளவருக்கு. இயற்பியலும் ஓவிய வரலாறும் இரண்டும் வேண்டும், இரண்டு மேஜர் செய்யப்போகிறேன் என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்தவருக்கு அங்கே தடையே இருக்காது. தெளிவில்லாதவர் அங்கே போனால் எல்லாமே அட்வைசரைப் பொறுத்தது. கிரினெல்லில் முதல் செமஸ்டர் டுடோரியல் எடுக்கும் ஆசிரியரே, மேஜர் முடிவாகும்வரை அட்வைசராகவும் இருப்பார். வாராவாரம் முகம் பார்க்கும் ஆசிரியர் வழிகாட்டுவதும், செமஸ்டருக்கு ஒருமுறை கையெழுத்துப் போடும் ஒருவர் வழிகாட்டுவதும் ஒன்றல்ல. யார் வழிகாட்டுவார் என்பதுதான் திறந்த முறைக் கல்லூரியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு இந்தியாவிலும் இந்த முறை வந்துவிட்டது. ஹரியானாவின் சோனிபத்தில் அசோகா பல்கலைக்கழகமும், சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லை தாண்டியதும் ஸ்ரீ சிட்டியில் கிரியாவும், எல்லோருக்கும் பொதுவான அடிப்படைப் பாடங்களோடுதான் தொடங்குகின்றன. சிங்கப்பூரின் யேல்-என்யுஎஸ் காலேஜின் பொதுப் பாடத்திட்டம் ஆசிய நூல்களையும் மேற்கத்திய நூல்களையும் சேர்த்து வைத்த அருமையான முயற்சி. பழைய வழிகாட்டிகளில் அதன் பெயர் இன்னும் இருக்கும், ஆனால் அந்தக் கல்லூரி 2025-இல் மூடப்பட்டுவிட்டது.

விதிகளைத் தேட வேண்டிய இடம் பளபளக்கும் விளம்பரக் கையேடு அல்ல. கல்லூரியின் கேட்டலாகில் பட்டத் தகுதிகள் என்ற பக்கம் இருக்கும், அதைப் படியுங்கள். பொதுவாகச் சேர்ந்த ஆண்டின் கேட்டலாக்தான் உங்களைக் கட்டுப்படுத்தும். அயல்மொழி கட்டாயமா என்று பாருங்கள். கட்டாயமானால், பள்ளியில் தமிழ் படித்தவருக்கு விலக்கு உண்டா, அதற்கு என்ன சான்று வேண்டும் என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். விலக்கு தரும் இடங்கள் உண்டு, ஆனால் விதி ஒரே மாதிரி இருக்காது. பள்ளியிலேயே கல்லூரி நிலைப் பாடங்களுக்கான ஏபி தேர்வெழுதி ஒரு வருடத்தை மிச்சப்படுத்தலாம் என்ற கணக்கு பல இடங்களில் பலிக்காது. ஆம்ஹர்ஸ்ட் அந்த மதிப்பெண்ணுக்குக் கிரெடிட்டே தருவதில்லை. திறந்த முறை என்றாலும் முன்தகுதிப் பாடம் முடிக்காமல் மேல்நிலைப் பாடத்தில் சேர முடியாது, கணினி அறிவியல் வகுப்புகளில் இடத் தட்டுப்பாடும் இருக்கும். முதல் வருட மாணவருக்கு அந்த வகுப்பில் இடம் கிடைக்குமா என்று நேராகக் கேளுங்கள்.

விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன், அந்தக் கேட்டலாக் பக்கத்தைப் பிள்ளையே படித்து, 32 கட்டம் போட்ட ஒரு தாளில் தன் நான்கு வருடத்தை நிரப்பிப் பார்க்கட்டும். பெற்றோர் அப்போது பக்கத்தில் இருக்க வேண்டாம்.