மூளையில் நரம்பணு பிறக்குமா?

நம் சங்கத்தில் இலக்கியம் பயில்வோர் பலர். அவர்களுக்கும் விளங்குமாறு எழுத முயல்கின்றேன்.

பிறக்கும்போது வாய்த்த நரம்பணுக்களோடுதான் மனிதன் சாகும்வரை காலந்தள்ள வேண்டும், மூளையில் புதியன தோன்றா என்றே அறிஞர்கள் நெடுங்காலம் எழுதிவந்தனர். 1960-களில் ஜோசப் ஆல்ட்மன் என்பார், வளர்ந்த எலியின் மூளையிலும் புதிய நரம்பணுக்கள் தோன்றுவதைக் கண்டு வெளியிட்டார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதைப் பொருட்படுத்துவார் மிகச் சிலரே.

இப்பிறப்பு மூளை முழுவதும் நிகழ்வதன்று. நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியே அதற்குரிய முதன்மையான இடம். கடற்குதிரைபோல் வளைந்திருப்பதால் அப்பெயர் பெற்றது. அங்குப் பிறக்கும் அணு முதிர்ந்து, பிற அணுக்களோடு தொடர்பு கொள்ள வாரக்கணக்கில் ஆகின்றது. இதை நண்பர்கள் நினைவிற் கொள்க, பின்னர் வேண்டியிருக்கும்.

நெருக்கடி நேருங்கால், சிறுநீரகங்களின் மேலமர்ந்த அட்ரீனல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனைக் குருதியிற் கலக்கின்றன. தேர்வு வரும், போகும். ஹார்மோனும் ஏறி இறங்கும். அதனால் கேடில்லை. ஏறியது இறங்காமல் நிற்பதே கேடு. 1990-களின் தொடக்கத்தில் எலிசபெத் கூல்டும் புரூஸ் மக்கீவனும் பிறரும் எலிகளின் அட்ரீனல் சுரப்பிகளை நீக்கிப் பார்த்தனர். அணுப் பிறப்பு மிகுந்தது. ஹார்மோனை மிகுத்துக் கொடுத்தனர், குறைந்தது. 1997-இல் மர மூஞ்சூறு ஒன்றைத் தன்னினும் வலிய மற்றொன்றோடு விட்டபோதும் பிறப்புக் குறையக் கண்டனர். (நம் நாட்டு மூங்கில் அணத்தானுக்கு இது உறவினம். விடுதியில் புதியவர்களை மிரட்டி மகிழும் மூத்த மாணவர்கள் இச்செய்தியைச் சற்றே எண்ணுவார்களாக!)

நாம் வாழும் பெங்களூரிலும் இத்துறையில் நற்பணி நடந்துள்ளது. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ரா சட்டர்ஜி குழுவினர், எலிகளை நாளொன்றுக்கு 2 மணி நேரம் வீதம் 10 நாள் அசையவிடாது வைத்து, 2002-இல் முடிவை வெளியிட்டனர். ஹிப்போகாம்பஸில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கின. அச்சத்திற்குரிய அமிக்டலாவிலோ கிளைகள் தழைத்தன! இது பிறப்பைப் பற்றியதன்று, இருக்கும் அணுக்களைப் பற்றியது. ஆயினும் நெருக்கடி மூளையின் உருவையே மாற்றும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நான் படித்ததில்லை.

இனிச் செரோட்டோனின். மனச்சோர்வுக்குத் தரப்படும் ஃபுளுவாக்செட்டின் போன்ற மருந்துகள், இப்பொருளை நரம்பணுக்களின் இடைவெளியில் நெடுநேரம் தங்கச் செய்கின்றன. இவ்வேலை சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடுகின்றது. சோர்வு தணியவோ வாரங்கள் ஆகின்றன. ஏன் இத்தாமதம்? 2000-இல் ரோனால்டு டூமன் குழுவினர் எலிகளுக்கு மருந்தைச் சில நாள் மட்டும் கொடுத்தபோது பிறப்பு மிகவில்லை. இரண்டு வாரமும் அதற்கு மேலும் கொடுத்தபோது மிகுந்தது. 2003-இல் ரெனே ஹென் குழுவினர் எக்ஸ் கதிரால் சுண்டெலிகளின் அணுப் பிறப்பைத் தடுத்தனர். அவற்றின் நடத்தையில் மருந்தின் பயன் தோன்றவில்லை.

ஊரைவிட்டு இங்கு வந்து சோர்வுற்ற தோழர் ஒருவர், மருத்துவர் தந்த மாத்திரையை எட்டு நாள் உண்டு, "ஒன்றும் தெரியவில்லையே" என்று தாமே நிறுத்திவிட்டார். நாற்று நட்ட எட்டாம் நாள் அரிவாளோடு வயலுக்குப் போனது போலன்றோ இது!

எலியில் உறுதியானது மனிதரில் இன்னும் வழக்காகவே உள்ளது. அணுகுண்டுச் சோதனைகளால் 1950-களிலும் 60-களிலும் காற்றில் மிகுந்த கார்பன்-14, உணவு வழியே மனித உயிரணுக்களிற் பதிந்தது. அக்குறியை அளந்து, ஒவ்வொரு ஹிப்போகாம்பஸிலும் நாள்தோறும் ஏறத்தாழ 700 நரம்பணுக்கள் சேர்கின்றன என்று சுவீடன் ஆய்வாளர்கள் 2013-இல் கணக்கிட்டனர். 2018-இல் அமெரிக்கக் குழுவொன்று, வளர்ந்தோரிடம் தேடியும் கிடைக்கவில்லை என்றது. அதே ஆண்டில் வேறொரு குழு, முதியோரிடமும் உண்டு என்றது. ஆதலின் மருந்தின் பயனெல்லாம் புதிய அணுக்களாலேயே என்று நான் எழுதமாட்டேன். பழைய அணுக்களின் கிளைகள் திருந்துவதற்கும் காலம் வேண்டும். எவ்வகையிலும் எட்டு நாள் போதாது. நிறுத்துவதாயினும் மருத்துவரைக் கேட்டே நிறுத்தவேண்டும்.

மருத்துவரிடம் செல்லத் தயங்குவோர் 14416 என்னும் டெலி-மானஸ் எண்ணுக்குப் பேசலாம். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய இப்பணியில், நம் பெங்களூர் நிம்ஹான்ஸ் முதன்மைப் பொறுப்பு வகிக்கின்றது. கட்டணமில்லை, இரவும் பகலும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.