ஒளியை அளந்து வாங்குவோம்

வீட்டு விளக்கிற்கு நாம் இரு விலை கொடுக்கிறோம். ஒன்று, கடையில் ஒருமுறை கொடுப்பது. மற்றொன்று, மின்கட்டணமாகப் பலமுறை கொடுப்பது. முதல் விலையை மட்டும் எண்ணிப் பார்ப்பவர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்.

வாட்டும் லூமெனும்

'அறுபது வாட் பல்பு கொடுங்கள்' என்று கேட்பது நம் வழக்கம். வாட் என்பது விளக்கு எடுத்துக்கொள்ளும் மின்திறனின் அளவே. அது தரும் ஒளியின் அளவு அன்று. ஒளியை அளக்கும் அலகு லூமென்.

குண்டு பல்பில் மின்சாரம் டங்ஸ்டன் இழையைச் சூடேற்றி ஒளிரச் செய்கிறது. அது பெறும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவே ஒளியாகிறது. எஞ்சியது வெப்பமாக வீணாகிறது. சி.எஃப்.எல். விளக்கு அதைவிடச் சிக்கனமானது. ஆயினும், அதனுள் சிறிதளவு பாதரசம் உண்டு. எனவே, உடைந்த விளக்கைக் கவனமாக அகற்றுதல் வேண்டும்.

எல்.இ.டி. விளக்கில் இழையும் இல்லை, பாதரசமும் இல்லை. குறைகடத்தி வழியே மின்னோட்டம் செல்லும்போதே ஒளி பிறக்கிறது. இவ்வகையில் வெள்ளொளி பெறுவதற்கு நீல ஒளி இன்றியமையாதது. அதனைத் திறம்படத் தரும் டையோடை உருவாக்கிய இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா ஆகியோர் 2014ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றனர்.

கணக்கு காட்டும் உண்மை

60 வாட் குண்டு பல்பின் இடத்தில் 9 வாட் எல்.இ.டி. விளக்கு போதுமானது. நாள்தோறும் ஐந்து மணி நேரம் எரிந்தால், அறுபது நாள்களில் முன்னது 18 அலகு மின்சாரத்தையும், பின்னது 2.7 அலகையும் செலவிடும். நான்கு விளக்குகளை மாற்றும் இல்லத்தில் 61.2 அலகுகள் மிஞ்சும். தமிழ்நாட்டில் இரு திங்களுக்கு ஒருமுறை வீட்டு மின்பயன்பாடு கணக்கிடப்படுகிறது. பயன்பாடு உயர உயர, கூடுதல் அலகுகளுக்கான கட்டணமும் உயர்கிறது. ஆதலால், இம்மிச்சம் எளிய குடும்பத்திற்குப் பெருந்துணையாகும்.

தேர்ந்தெடுக்கும் முறை

உறையில் உள்ள லூமெனை வாட்டால் வகுத்துப் பார்த்தல் வேண்டும். இரு விளக்குகளும் 9 வாட் ஆயினும், ஒன்று 900 லூமெனும் மற்றொன்று 720 லூமெனும் தரலாம். முன்னது வாட் ஒன்றுக்கு 100 லூமென் தருகிறது. பின்னது 80 லூமெனே தருகிறது. நட்சத்திரக் குறியீடும் உத்தரவாதக் காலமும் நோக்கத்தக்கவை. ஒளியின் நிறத்தைக் கெல்வின் எண் காட்டும்: 2700 மஞ்சள் சாயல் உடையது, 6500 பகலொளி போன்ற வெண்மை உடையது. காற்றோட்டமற்ற மூடிய கூண்டுக்குள் பொருத்தினால், எல்.இ.டி. விளக்கின் மின்சுற்று வெப்பத்தால் விரைவில் பழுதாகக்கூடும்.

சிக்கனமான விளக்குதானே என்று ஆளில்லா அறையில் எரியவிட்டால், சேமித்தது கரைந்துபோகும். நல்ல விளக்கைத் தேர்ந்தெடுப்பது அறிவு. வேண்டாதபோது அணைப்பது பண்பு. இரண்டும் சேர்ந்ததே சிக்கனம்.

கற்பவை கற்றபின்...

உங்கள் வீட்டு விளக்குகளின் வாட் அளவையும் அவை எரியும் நேரத்தையும் பட்டியலிட்டு, இரு திங்களுக்கான மின்செலவைக் கணக்கிடுக. எந்த விளக்கை முதலில் மாற்றலாம் என்பதைக் காரணத்துடன் வகுப்பறையில் எடுத்துரைக்க.