முயல் வளர்ப்பும் ஈஸ்ட் தீவனமும்

தறியையும் தோட்டத்தையும் நம்பி வாழும் குடும்பங்கள் உபதொழிலாக முயல் வளர்ப்பதில் ஊக்கம் காட்டி வருவது மகிழ்ச்சிக்குரியது. நெசவாளருக்கு முயல் என்றதும் அங்கோரா மயிரே நினைவுக்கு வரும். ஆனால் அது குளிர்ப் பிரதேசத்துக்குரியது. சமவெளியில் நாம் வளர்ப்பவை நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயன்ட் முதலிய இறைச்சி இனங்களாகும்.

"தீவனத்தில் ஈஸ்ட் தூள் கலந்தால் முயல்களுக்கு நோய் வராதாமே, குட்டிகளும் அதிகம் ஈனுமாமே, சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்கித் தரலாகாதா?" என்று அங்கத்தினர்கள் பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். சங்கத்தின் பணம் அங்கத்தினர்களின் பணமே. ஆதலின் செலவிடுமுன் விஷயத்தை ஆராய்ந்து பார்ப்பது நமது கடமையாகும்.

ஈஸ்ட் என்பது யாது?

ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் நுண்ணிய பூஞ்சையே ஈஸ்ட். தீவனத்துக்கு இது இரு வகையில் கிடைக்கிறது. முதலாவது, பீர் ஆலைகளில் மிஞ்சுவதை உலர்த்தி உயிரற்றதாக்கிய தூள். இதில் நூற்றுக்கு 40 முதல் 45 பங்கு புரதமும், 'பி' வகை வைட்டமின்கள் பலவும் உண்டு. ஆகவே இது ஓர் உணவு. இரண்டாவது, உயிருள்ள ஈஸ்ட். குடலிலுள்ள நுண்ணுயிர்களுக்குத் துணை நின்று செரிமானத்தைச் சீராக்கும் என்ற நோக்கத்துடன் இது சிறிதளவே கலக்கப்படுகிறது. சூட்டிலும் ஈரத்திலும் இது உயிரிழந்துவிடும். இரண்டையும் ஒன்றெனக் கருதி விலை பேசுதல் கூடாது.

முயலின் குடல்

முயலின் பெருங்குடல் தொடங்குமிடத்தில் குருட்டுக்குடல் என்னும் பெரிய பை இருக்கிறது. அங்கு வாழும் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்து, புரதத்தையும் 'பி' வைட்டமின்களையும் உண்டாக்குகின்றன. அவை மென்மையான புழுக்கைகளாக வெளிவரும்போது முயல் தன் வாயாலேயே ஏற்று உண்டுவிடுகிறது. இதைக் கண்டு நோய் என்று அஞ்ச வேண்டியதில்லை. இயற்கை அதற்கு அளித்துள்ள வரம் அது. எனவே நல்ல புல்லும் நாரும் பெறும் முயலுக்கு 'பி' வைட்டமின் குறைவு எளிதில் ஏற்படாது.

தாய்ப்பால் மறக்கும் 4 முதல் 6 வார வயதில் குட்டிகள் கழிச்சலால் மடிவதுண்டு. உயிருள்ள ஈஸ்ட்டால் நன்மை விளையக்கூடுமானால் அது பெரும்பாலும் இப்பருவத்தில்தான். எனினும் ஆராய்ச்சிகளின் முடிவுகள் ஒன்றுபோல் அமையவில்லை. சிலவற்றில் பலன் தெரிந்தது. சிலவற்றில் வேற்றுமையே காணப்படவில்லை.

சினை பிடிப்பதற்கு வேண்டுவன

இனப்பெருக்கத்துக்கு இன்றியமையாத 'ஏ', 'ஈ' வைட்டமின்கள் ஈஸ்ட் தூளில் இல்லை. அவை வேலிமசால், குதிரைமசால் போன்ற பசுந்தீவனத்தில் கிடைக்கின்றன. பெண் முயல் இணை சேர்ந்த பின்னரே, சுமார் 10 மணி நேரம் கழித்து, கருமுட்டையை வெளிவிடுகிறது. 31 நாட்களில் ஈனுகிறது. பெண் முயலையே ஆண் முயலின் கூண்டுக்குக் கொண்டு செல்ல வேண்டும். கொழுத்துப் போன முயல் எளிதில் சினை பிடிக்காது. எல்லாவற்றிலும் முக்கியமானது வெப்பம். 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் நீடித்தால் ஆண் முயலின் விந்து வீரியம் குன்றிவிடும். பின் குளிர்ச்சி கிட்டினும் பழைய நிலைக்குத் திரும்ப ஏழெட்டு வாரங்களாகும்.

ஒரு சங்கத்தைத் தணிக்கை செய்யச் சென்றபோது, கடன் பெற்று முயல் வளர்த்த ஓர் அங்கத்தினர் மிக்க கவலையுடன் என்னை அணுகினார். மூன்று மாதமாக முயல்கள் ஈனவில்லை, தவணையும் தவறிவிட்டது, ஈஸ்ட் வாங்க மேலும் கடன் வேண்டும் என்றார். அவருடைய பதிவேட்டைப் புரட்டினேன். தை, மாசியில் இணை சேர்த்தவை எல்லாம் ஈன்றிருந்தன. சித்திரை முதல் ஒன்றேனும் ஈனவில்லை. கொட்டகைக்குச் சென்று பார்த்தால் மேலே தகரக் கூரை; உள்ளே ஆண் முயல்கள் மூச்சிரைத்துக் கிடந்தன. கூரைமீது தென்னங்கீற்று வேயவும், மேற்குப் புறத்தில் ஈரச் சாக்குத் தொங்கவிடவும், ஆண் முயல்களை வேப்பமர நிழலுக்கு மாற்றவும் யோசனை கூறினேன். ஐப்பசியில் நான் மீண்டும் சென்றபோது நான்கு பெட்டிகளில் குட்டிகள் இருந்தன. ஈஸ்ட்டுக்குக் கேட்ட கடன் தேவைப்படவில்லை.

சோதித்து அறியும் முறை

அப்படியாயின் ஈஸ்ட் வீண் செலவா? அவ்வாறும் தீர்ப்புக் கூறிவிடலாகாது. நிழல், குடிநீர், பசுந்தீவனம், சுத்தம் ஆகிய நான்கும் செம்மையாக உள்ள இடத்தில் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் ஒருவர் தம் ஆறு முயல்களைக் கொண்டு முடிவு காண இயலாது. இரண்டொரு குட்டி கூடுவதும் குறைவதும் தற்செயலாகவே நேரும். இங்கேதான் கூட்டுறவு கைகொடுக்கிறது. பத்து அங்கத்தினர்கள் சேர்ந்தால் அறுபது முயல்களாகும்.

1. ஒவ்வொருவரும் மூன்று பெண் முயல்களுக்கு ஈஸ்ட் கலந்தும், மூன்றுக்குக் கலக்காமலும் தீவனமிடுக. எவற்றுக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்க.

2. உலர்ந்த ஈஸ்ட் தூளானால் 100 கிலோ அடர்தீவனத்துக்கு 1 கிலோ போதும். உயிருள்ளதானால் உறையில் குறித்த அளவே கலக்குக.

3. ஆண் முயல், கூண்டு, பசுந்தீவனம் ஆகியவை இரு பிரிவுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும்.

4. இணை சேர்த்த நாள், ஈன்ற நாள், உயிருடன் பிறந்த குட்டிகள், பால் மறந்தபோது எஞ்சிய குட்டிகள் ஆகியவற்றைத் தவறாது எழுதுக.

5. மூன்று ஈற்றுக்குப் பின் எல்லோருடைய கணக்கையும் ஒன்றாகக் கூட்டுக. பிறந்த குட்டிகளை அல்ல, தேறிய குட்டிகளையே எண்ணுக. கூடுதலாகத் தேறியவற்றின் விலை ஈஸ்ட்டின் விலையை விஞ்சினால் மட்டுமே சங்கம் மொத்தமாகக் கொள்முதல் செய்யலாம்.

ஒரு வீட்டுக் கூண்டு சொல்ல முடியாததைச் சங்கத்தின் பதிவேடு சொல்லும். கேள்விப்பட்டதை நம்பிக் கடன்படாமல், கூடிச் சோதித்துக் கணக்குப் பார்த்து முடிவு செய்வதே கூட்டுறவாளர்க்கு அழகாகும்.